கடன் இல்ல, 41 லட்சம் இருக்கு, ஆனா 60 ரூபா பலூன் வாங்க கை வர மாட்டேங்குது

குன்னூர்_கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குதான் எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

வயசு 39. குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். பச்சத் தேயிலை எடைச்சீட்டு, ஏஜெண்ட் கணக்கு, விவசாயிங்களுக்கு மாசாமாசம் பட்டுவாடா எல்லாம் என் டேபிள்தான். சம்பளம் 46,000. வீட்டுக்காரி தனியார் ஸ்கூல்ல டீச்சர், 14,000. ஒரே பொண்ணு, 8 வயசு. அப்பா அம்மா எங்க கூடத்தான். அப்பா கட்டுன ஓட்டு வீடு, அதனால வாடகை கிடையாது. கடன் ஒத்தப் பைசா இல்ல. ஈபி பில்லும் பூஜ்யம்தான், ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீல்ல, அதத் தாண்ட விட்டதே இல்ல, இந்தக் குளிர்ல ஃப்ரிட்ஜ் எதுக்குன்னு வாங்கவும் இல்ல. 2011ல இருந்து எக்ஸெல்ல எழுதுறேன், பஸ் டிக்கெட், டீ, வர்க்கி வரைக்கும். இப்போ எஃப்டி, பிபிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேத்து 41 லட்சம் நிக்குது. பெருமைக்கு சொல்லல, விஷயம் புரியணும்னுதான்.

போன ஏப்ரல்ல தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு பொண்ண கூட்டிட்டு போனேன். உள்ள லைட் எரியுற பலூன் வித்துட்டு இருந்தாங்க. அத கையில வாங்கி பாத்தா, எவ்வளவுன்னு அவளே கேட்டா, 60ன்னு சொன்னதும் திருப்பி குடுத்துட்டு, "வேணாம்ப்பா, நாளைக்கே காத்து எறங்கிடும், வேஸ்ட்"ன்னா. பலூன்காரர் சிரிச்சிட்டு "பாப்பா ரொம்ப வெவரம் சார்"னாரு. அது என்னோட டயலாக்குங்க, அப்படியே என் குரல்ல சொன்ன மாதிரி இருந்துச்சு. சரி அப்போவாவது வாங்கிக் குடுத்தேனான்னா அதுவும் இல்ல. பாக்கெட்டுக்குள்ள போன கை காசில்லாமத்தான் வெளிய வந்துச்சு. வீடு வர்ற வரைக்கும் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். சித்தி பையன் கல்யாணம், 2,000 மொய் எழுதணுமேன்னு "ஆடிட் நடக்குது"ன்னு பொய் சொல்லிட்டு போகல. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல ஒரு விசேஷத்துக்கும் எங்களுக்கு சொல்றதில்ல.

ஏன் இப்படி ஆனேன்னு எனக்கே தெரியும். அப்பாவுக்கு 2 ஏக்கர் தேயிலை இருந்துச்சு. 98 வாக்குல பச்சத் தேயிலைக்கு நல்ல விலை, அத நம்பி நூத்துக்கு 3 ரூபா வட்டிக்கு வாங்கி அக்கா கல்யாணத்த முடிச்சாரு. ரெண்டாயிரம் வாக்குல கிலோ நாலஞ்சு ரூபாய்க்கு வந்துடுச்சு, பறிக்கிற கூலிக்கே பத்தல. ஒண்ணேகால் ஏக்கர் கைய விட்டு போச்சு. எனக்கு அப்போ 14 வயசு. வட்டிக்காரர் வந்து திண்ணைல உக்காருவாரு, அம்மா அவருக்கு பால் ஊத்தி டீ போட்டு குடுக்கும், எங்களுக்கு அன்னைக்கு வரக்காப்பி. அந்த டம்ளர் இன்னும் கண்ணுலயே நிக்குது.

10 லட்சம் சேந்தா இந்த பயம் போயிடும்னு நெனச்சேன், போகல. 25ன்னு நெனச்சேன், அதுலயும் போகல. இப்போ ஷீட்டுல 1 கோடின்னு ஒரு செல் போட்டு வச்சிருக்கேன். எவ்வளவு வந்தா நிம்மதியா இருக்கலாம்? உங்களுக்கு அப்படி ஒரு நம்பர் இருக்கா, இல்ல நான் கேக்குற கேள்வியே தப்பா?

சும்மா_வந்தேன்:

41 லட்சத்த வச்சுகிட்டு அழுகாச்சி. ஒரு 5 இந்தப் பக்கம் தள்ளுங்க பாஸ், நானே ஊருக்கெல்லாம் பலூன் வாங்கித் தரேன்.

அருவங்காடு_ரிட்டயர்டு:

தம்பி, மேல எழுதுனவர கண்டுக்காதீங்க.

நான் இங்க கார்டைட் ஃபேக்டரில, மத்திய அரசோட வெடிமருந்து ஃபேக்டரி, 1985ல சேந்து 2020ல வெளிய வந்தவன். என் கையில 41 லட்சம் எல்லாம் கிடையாது, உங்கள்ல பாதி கூட இருக்காது, ஆனா ராத்திரி படுத்தா காலைலதான் முழிப்பேன். காரணம் பெரிய ஞானம் எல்லாம் இல்ல, பென்ஷன். மாசக் கடைசில ஃபோன்ல டிங்குன்னு ஒரு மெசேஜ் வருது பாருங்க, அதுதான். 2004 ஜனவரி 1க்கு அப்புறம் சேந்த பசங்களுக்கு இந்த பழைய பென்ஷன் இல்ல, அவங்க முகத்துலயும் உங்க பயம் தெரியுது, நான் பாத்திருக்கேன். அதனால நீங்க பயப்படுறது பைத்தியக்காரத்தனம்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு அப்படி மெசேஜ் அனுப்ப ஆளில்ல, நீங்களே சேத்து நீங்களேதான் அனுப்பிக்கணும்.

ஆனா மொய் விஷயத்துல நீங்க கணக்கு தெரிஞ்சும் கணக்குல கோட்ட விட்டுட்டீங்க. மொய் செலவுன்னு யார் சொன்னா? அது வட்டியில்லாத சீட்டு. என் வீட்டம்மாவுக்கு ஆபரேஷன்னு கோயமுத்தூர்ல 19 நாள் கெடந்தோம். ரத்தம் குடுக்க 11 பேர் மேட்டுப்பாளையம் எறங்கி வந்தாங்க, வீட்டு மாட்ட ஒருத்தன் பாத்துகிட்டான், எனக்கு சாப்பாடு ஒருத்தன் சொந்தக்காரங்க வீட்ல இருந்து வந்துச்சு. அந்த 11 பேர் வீட்டு விசேஷத்துலயும் என் பேரு மொய் நோட்டுல இருக்கு. 200 ரூபா எழுதுன காலத்துல இருந்து இருக்கு. இத எந்த செல்லுல போடுவீங்க?

அப்புறம், அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கா? நீங்க எழுதுனதுல அந்த வார்த்தையே காணோம். முன்னாடி எல்லாம் 65 தாண்டிட்டா புதுசா பாலிசி தர மாட்டேன்னுவாங்க, 2024 ஏப்ரல்ல இருந்து அந்த வயசு வரம்ப எடுத்தாச்சு. ப்ரீமியம் கடிக்கும்தான், ஆனா உங்க 41ல ஓட்ட விழுந்தா அது பலூன்ல விழாது, ஆஸ்பத்திரிலதான் விழும். எஃப்டி எல்லாம் ஒரே பேங்க்ல இருக்கா? பேங்க் கவுந்தா அசலும் வட்டியும் சேத்து 5 லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ், பிரிச்சு போடுங்க.

(சீனியர் சிட்டிசனுக்கு ரயில்ல குடுத்துட்டு இருந்த சலுகைய 2020 மார்ச்ல நிறுத்துனாங்க, நான் ரிட்டயர் ஆன வருஷம் பாத்து. அது என் தனி வயித்தெரிச்சல், விடுங்க.)

தாண்டிக்குடி_மிளகு:

நான் உங்களுக்கு நேர் எதிர்க்கட்சி. பழனி மலைல, தாண்டிக்குடி பக்கம். காப்பி, மிளகு, கொஞ்சம் சௌசௌ, ஓரமா நாலு பட்டர் ஃப்ரூட் மரம். கைல காசு வந்தா பிடிக்கத் தெரியாது எனக்கு. வாழ்றது ஒரு தடவைன்னு 2019ல 28 லட்சம் லோன் போட்டு வீட்டுக்கு மேல நாலு ரூம் கட்டுனேன், ஹோம்ஸ்டே. பெயிண்ட் வாசம் போறதுக்குள்ள 2020 மார்ச் லாக்டவுன். ஆறு மாசம் தவணை கட்ட வேணாம்னு சொன்னாங்கல்ல, நானும் ஏதோ தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னு நெனச்சு கம்முன்னு இருந்துட்டேன், வட்டி பாட்டுக்கு ஓடி அசல்ல ஏறி உக்காந்திருக்கு. படிச்சுப் பாக்காம விட்டது என் தப்புதான்.

2021ல ஒரு ஏக்கர் குடுத்தேன். நல்ல தோட்டம், சில்வர் ஓக்ல கொடி ஏறி உச்சி வரைக்கும் போயிருந்துச்சு, ஏணி வச்சாதான் பறிக்க முடியும். வித்த ரெண்டு மூணு வருஷத்துல மிளகு கிலோ 600 தாண்டிடுச்சு, காப்பியும் எங்க அப்பா காலத்துல கேள்விப்படாத விலைக்கு போயிடுச்சு. வாங்குனவரு நல்ல மனுஷன், பறிப்பு அன்னைக்கு என்னையே மேற்பார்வைக்கு கூப்புடுவாரு, சம்பளம் குடுப்பாரு, நானும் போவேன். என் மரத்துக்கு கீழ சாக்கு பிடிச்சுகிட்டு நின்னுட்டு இருப்பேன். அத விடுங்க.

எனக்கு அந்த ரெண்டு வருஷத்துல பணம் இல்லங்கிறது கூட பெருசா வலிக்கல. மாசம் 5ஆம் தேதி வந்தா ஃபோன் அடிக்கும். பேங்க்காரங்கதான்னு இல்ல, யார் அடிச்சாலும் வீட்டுக்காரி என் மூஞ்சிய பாக்கும். பையன் என் கிட்ட வந்து எதுவும் கேக்குறதயே நிறுத்திட்டான். உங்க பொண்ணு பலூன் வேணாம்னுச்சு, காசு இருக்குறதால நீங்க அத யோசிக்கிறீங்க. என் பையன் டூர் வேணாம்னான், நான் உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்தேன். இது ரொம்ப கேவலமான அப்பாடாங்க. அதனால உங்க பயத்த கேலி பண்ண எனக்கு யோக்கியதை இல்ல. அந்தப் பயம் எனக்கு கொஞ்சம், ஒரு கால்வாசி இருந்திருந்தா அந்த ஏக்கர் இன்னும் என்னுதா இருந்திருக்கும்.

இப்போ லோன் 9 லட்சத்துக்கு எறங்கிடுச்சு. ரூம் ஓடுது. 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ்னு வந்ததுல, எங்க பக்கமும் அது வேணுமான்னு கேட்டு கேட்டே பாதி ஃபோன் போயிடுது.

எகனாமிக்ஸ்_மாப்ள:

ஊட்டி பையன், கோயமுத்தூர்ல எம்.ஏ. எகனாமிக்ஸ் படிக்கிறேன். நம்பர் கேட்டிருந்தீங்களே அண்ணா, அதுக்கு உண்மையிலயே ஆராய்ச்சி இருக்கு. 2010ல டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன், ரெண்டு பேருமே நோபல் வாங்குனவங்க, அமெரிக்காவுல பாத்து சொன்னாங்க: வருஷத்துக்கு 75,000 டாலர் வரைக்கும் வருமானம் கூடக் கூட அன்னாட மனநிலையும் நல்லாகுது, அதுக்கு மேல தட்டையா ஆயிடுதுன்னு. எல்லாரும் இத மட்டும் புடிச்சுகிட்டாங்க, பணம் ஒரு அளவுக்கு மேல பிரயோஜனம் இல்லன்னு. 2021ல மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்னு ஒருத்தர் 33,000 பேர் கிட்ட ஃபோன் ஆப் வழியா நாள்ல பல தடவை "இப்போ எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டு பாத்தா, தட்டையாவே ஆகல, ஏறிட்டேதான் போகுது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு பிடிச்ச பகுதி, கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சண்ட போடாம சேந்து உக்காந்து 2023ல ஒரு பேப்பர் போட்டாங்க. பெரும்பாலானவங்களுக்கு சந்தோஷம் ஏறிட்டேதான் போகுது, ஆனா ரொம்ப சந்தோஷமில்லாத கீழ் அஞ்சுல ஒரு பங்கு ஆளுங்களுக்கு மட்டும் 1 லட்சம் டாலர் வாக்குல நின்னு போகுது. வேண்டியவங்க செத்துப்போன துக்கம், மனச்சோர்வு மாதிரி விஷயத்த அதுக்கு மேல பணத்தால ஒண்ணும் பண்ண முடியாதுங்கிறாங்க.

இன்னொண்ணு, ஏறுதுன்னாலும் ரூபாய்க்கு ரூபா ஏறாது, மடங்குலதான் ஏறும். 20,000 சம்பளம் 40,000 ஆனா எவ்வளவு சந்தோஷமோ, 40,000 திரும்ப அதே அளவு சந்தோஷம் தரணும்னா 80,000 ஆகணும். நீங்க 1 கோடின்னு வச்சிருக்கிறது அந்த லெக்கதான் அண்ணா. (அதுவும் இந்த ஆராய்ச்சி எல்லாம் வருமானத்த பத்திதான், சேமிப்ப பத்தி இல்ல. பரீட்சைல இத எழுதலன்னா மார்க் போயிடும்.)

அருவங்காடு_ரிட்டயர்டு:

மாப்ள, இவரு கோடி வந்தாலும் ரெண்டு கோடின்னு செல்ல மாத்துவாரு, அதுக்கு எதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணும்?

பந்தலூர்_பொண்ணு:

அண்ணா நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

நாங்க பந்தலூர் பக்கம். தாத்தா 1964 ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து தாயகம் திரும்பி வந்தவரு. அம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிச்சுது, 31 வருஷம். லைன் வீடு. நான் திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருக்கேன், 19,500. எனக்கு 41 லட்சம்ங்கிறது டிவில வர்ற நம்பர். ஆனாலும் உங்க பயம் புரியுது, எங்க வீட்லயும் கம்மல் பாதி வருஷம் அடகுலதான் இருக்கும். பள்ளிக்கூடம் தொறக்குறப்போ உள்ள போகும், போனஸ் வந்தா வெளிய வரும்.

பணம் என்ன பண்ணும்னு எனக்கு ரெண்டு தடவை தெரிஞ்சுது. ஒண்ணு, அம்மாவுக்கு சுகர்ல கால்ல புண்ணு வந்தப்போ. எங்க வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்கு கீழன்னு அப்போவே முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்து வச்சிருந்தோம், அதுல பாத்தோம், கால் தப்பிச்சுது. அந்த கார்டு மட்டும் இல்லன்னா நானும் நூத்துக்கு 3 வட்டி ஆளு வீட்டு திண்ணைலதான். உங்க சம்பளத்துக்கு அது கெடைக்காது, அதனால அந்த அருவங்காடு தாத்தா சொன்னத செய்ங்க.

ரெண்டாவது கெய்சர். எங்க பக்கம் ஜூன் ஜூலைல பெய்யுற மழை உங்களுக்கு தெரியும், தேவாலா மழை. விறகு பூரா ஈரமா இருக்கும். அம்மா விடிகாலை 4 மணிக்கு எந்திரிச்சு ஊதாங்குழல வச்சு ஊதி ஊதி, தண்ணி காய வைக்கவே முக்கா மணி நேரம் ஆகும், அடுப்படி பூரா பொகை. நான் திருப்பூருக்கு வந்து சேத்த மொத காசுல, 5,400 ரூபா, ஒரு கெய்சர் வாங்கி மாட்டினேன். கொத்தனார் எலக்ட்ரீசியன் எல்லாம் சேத்து 7,000 ஆச்சு. மாட்டி முடிச்சதும் சுவிட்ச போட்டுட்டு அம்மா குழாய்க்கு அடில கைய வச்சுது, சுடுதுன்னு எடுத்துச்சு, திரும்ப வச்சுது. பக்கத்து லைன் அக்காவ கூப்புட்டு அவங்க கையையும் வைக்க சொல்லுச்சு. குளிக்கவே இல்ல அன்னைக்கு, கைய மட்டும் வச்சுகிட்டே இருந்துச்சு. எனக்கு அந்த மாசம் கையில 300 ரூபாதான் மிச்சம். அந்த 300ல திருப்பூர் பஸ் ஏறி வந்தேன் பாருங்க, அத மாதிரி பஸ்ல நான் திரும்ப போகவே இல்ல.

நீங்க பணத்த கம்மி பண்ண வேணாம் அண்ணா. எதுக்குன்னு பேரு வைங்க. இது பொண்ணு படிப்புக்கு, இது அப்பா அம்மா ஆஸ்பத்திரிக்கு, இது வயசானா நமக்குன்னு. பொண்ணுக்கு 10 வயசு ஆகலல்ல, செல்வமகள் சேமிப்புத் திட்டத்துல இன்னும் சேக்கலாம், 8.2% தர்றாங்க. எல்லாத்துக்கும் பேரு வச்சதுக்கு அப்புறமும் மிச்சம் இருந்தா அதுலதான் பலூன். பேரே வைக்காம இருக்கிற பணத்த பாத்தா எனக்கும்தான் பயமா இருக்கும்.

குன்னூர்_கணக்கு:

நாலு நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். எல்லாருக்கும் தனித்தனியா நன்றி சொல்லணும், முக்கியமா தாண்டிக்குடி அண்ணனுக்கு, அந்த அப்பாடாவ எழுத தைரியம் வேணும். சும்மா வந்தவருக்கும் நன்றி, வீட்டுக்காரி அதப் படிச்சுதான் முதல்ல சிரிச்சா.

ஆமா, மொத்தத்தையும் அவளுக்கு படிச்சுக் காட்டுனேன். எல்லாம் கேட்டுட்டு, "பலூன் கதைய எழுதியிருக்கீங்க, கெய்சர் கதைய எழுதலையே"ன்னா.

எங்க வீட்லயும் கெய்சர் கிடையாது. அம்மாவுக்கு 63 வயசு. டிசம்பர் குளிர்லயும் பின்கட்டுல விறகடுப்புதான், ரெண்டு வருஷமா மூச்சு எளப்பு வேற. அம்மா ஒரு தடவ கேட்டுச்சு. 2 கிலோவாட், ஒரு நாளைக்கு அரை மணி நேரம்னா ஒரு யூனிட், ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட், 100 தாண்டிடும்னு கணக்கு போட்டு காட்டுனேன். பேப்பர்ல எழுதியே காட்டுனேன். அம்மா சரின்னுட்டு போயிடுச்சு. அத நான் மறந்தே போயிட்டேங்க, வீட்டுக்காரி மறக்கல. பில் பூஜ்யம்னு மேல பெருமையா எழுதியிருக்கேன் பாருங்க, அது எங்க அம்மா ஊதுன பூஜ்யம்.

ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டுக்கு போயிட்டு வந்தோம். 2,000 கவர்ல போட்டு குடுத்தேன். சித்தி திட்டும்னு பாத்தா, உள்ள போயி மொய் நோட்ட எடுத்துட்டு வந்து, கல்யாணப் பக்கத்துலயே கடைசி வரில என் பேர எழுதிகிச்சு. "ஆடிட் முடிஞ்சுதாடா"ன்னு மட்டும் கேட்டுச்சு.

எஃப்டிய மூணு பேங்க்கா பிரிக்க எழுதிக் குடுத்துட்டேன். இன்சூரன்ஸ் ஆள் சனிக்கிழமை வர்றாரு, அப்பாவுக்கு 68, ப்ரீமியம் கேட்டா மயக்கம் வருது, ஆனாலும் கட்டப் போறேன். பயம் போயிடுச்சான்னா போகல, பொய் சொல்ல விரும்பல. 1 கோடி செல்லும் அப்படியேதான் இருக்கு.

பந்தலூர் தங்கச்சி, நீங்க மாட்டுனது 10 லிட்டரா 15 லிட்டரா? வீட்ல அஞ்சு பேரு.

பந்தலூர்_பொண்ணு:

15 அண்ணா. அஞ்சு பேருக்கு ஒருத்தர் மாத்தி ஒருத்தர்னா 25 கூட பாக்கலாம், ஆனா அம்மாவுக்குன்னா 15 தாராளம். எங்க ஊத்துத் தண்ணில உப்பு படியாது, மூணு வருஷமா ஒரு ரிப்பேர் இல்ல.

பழைய ஓட்டு வீடுன்னீங்க, மொதல்ல எலக்ட்ரீசியன கூப்புட்டு எர்த் இருக்கான்னு பாருங்க, நெறைய வீட்ல ப்ளக்குல மூணு ஓட்டை இருக்கும், எர்த்துக்கு வயரே வந்திருக்காது. சாதா ப்ளக்குல மாட்டிடாதீங்க, 16 ஆம்ப்ஸ் தனியா இழுக்க சொல்லுங்க. சுவிட்ச் அம்மாவுக்கு கை எட்டுற உயரத்துல வைங்க. நான் அத யோசிக்காம மேல வச்சுட்டு அப்புறம் ஒரு ஸ்டூல் வாங்கிக் குடுத்தேன்.